கை சுத்தம்

அந்த அடுக்குமாடியின் நிழல் மத்தியானத்துக்கு மேல் பின்சந்தில் வந்து விழும். வெயில் காலத்தில் சந்துக்காரர்களுக்கு அது ஒரு சௌகரியம். "மாடிக்காரங்க நமக்குச் சும்மா குடுக்கிறது இது ஒண்ணுதான். அதையும் தெரிஞ்சு குடுக்கல" என்பார் சந்து முனையில் கடை வைத்திருக்கும் இஸ்திரிக்காரர். ஒன்றின் சுவரில் மற்றொன்று சாய்ந்து நிற்கும் தகரக் கூரை வீடுகள். நடுவில் ஒரு சாக்கடை, கோடியில் ஒரு பொதுக்குழாய். விடியும் நேரம் அங்கே குடங்கள் வரிசை கட்டி நிற்க, பெண்கள் பல் துலக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள். எந்த மாடியில் விருந்தாளி, எந்த மாடியில் சண்டை, எந்த வீட்டு ஐயாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்பதெல்லாம் டாக்டருக்குத் தெரியும் முன்பே குழாயடிக்குத் தெரிந்துவிடும்.

இஸ்திரிக்காரரின் மனைவியைச் சந்தில் பெரியவள் என்பார்கள். புருஷனோடு ஒத்துவராமல் திரும்பி வந்து அதே வீட்டில் இருக்கும் தங்கை சின்னவள். அக்காவுக்கு வாய் நீளம், தங்கைக்கு மனசு இளக்கம். "ஒரே வயித்துல ஒண்ணு மிளகா, ஒண்ணு வெல்லம்" என்று குழாயடியில் சொல்வார்கள்.

அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது பெரியவள் மண் சுமந்திருக்கிறாள். கட்டி முடித்துக் கண்ணாடியெல்லாம் பதித்தபிறகு அதே மாடிகளில் சமைக்கவும் துடைக்கவும் போனாள். கை வேகம். அவள் தேய்த்த பாத்திரத்தில் தலை வாரலாம். ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டில் கொட்டமாட்டாள் என்ற நம்பிக்கையில் பல வீடுகளில் சாவியையே அவளிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் வாசலில் ஒரு மிஷின் வந்தது. வேலைக்கு வருகிற எல்லாரையும் சுவரோரம் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். வெயில் கண்ணில் அடித்ததால் பெரியவள் அதில் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். நம்பரை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், உள்ளே போகலாம். அந்த மிஷினுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அது மாடிக்காரர்களின் போனில் திறக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. யாரும் சொல்லவுமில்லை. சந்தில் பாதிப் பேரிடம் பொத்தான் போன்தான். மீதிப் பேரிடம் இருந்த போன்களுக்கும் அந்தப் பக்கம் திறக்காது. அது வீடு வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்.

பன்னிரண்டாம் மாடியில் ஒரு டீச்சர் இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர் இல்லை, வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். புருஷனுக்கு வெளிநாட்டில் வேலை. சாயங்காலம் திரையில் வருவான், இரண்டு பேரும் திரைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். டீச்சர் அப்போது ஆறு மாத கர்ப்பம். ஒரு நாள் பெரியவள் துடைத்து முடித்துக் கிளம்பும்போது, "கொஞ்ச நாளைக்கு வேண்டாம்க்கா, தேவைன்னா நானே கூப்பிடறேன்" என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"சரிம்மா, உடம்பப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள் பெரியவள்.

மறுநாள் பதினோராம் மாடி நீதிபதி வீட்டம்மா கதவைப் பாதி திறந்து, சங்கிலியைக் கழற்றாமலே, "நாங்க ஊருக்குப் போறோம்" என்றாள். அந்த அம்மாவுக்குக் கால்வீக்கம் வந்தபோது தினமும் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டவள் பெரியவள். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் காய் நறுக்கும் சத்தம் கேட்டது. அடுத்து ஐந்தாம் மாடி. அதற்கடுத்து ஒன்பதாம் மாடி. "வேற ஆள் பாத்துட்டோம்", "கிச்சன் வேலை நடக்குது", "அவர் வேண்டாங்கறார்". ஆளுக்கொரு சாக்கு. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு வீடும் மிஞ்சவில்லை. கடைசியில் வாசல் மிஷினும் சிவப்பாக எரிந்தது.

"என்னாச்சு மாமா?" என்று காவலாளியைக் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? பச்சைன்னா விடு, சிவப்புன்னா நிறுத்து, அவ்வளவுதான் எனக்குச் சொன்னது. சிக்னல்காரன் மாதிரி நிக்கறேன்."

கட்டட ஆபீசில் ஏசி ஓடும் அறைக்குள் ஒரு பையன்முகக் கிளார்க் இருந்தான். "எதுன்னாலும் ஆப்ல புகார் போடுங்கம்மா" என்றான்.

"எப்படிப் போடறது?"

"உங்க வீட்டு நம்பரப் போட்டு உள்ள போகணும்."

"எனக்கு இங்க வீடு இருந்தா நான் ஏம்ப்பா பெருக்க வர்றேன்?"

அவன் சிரித்தான். கெட்டவன் இல்லை. ஆனால் செய்வதற்கு அவனிடமும் ஒன்றுமில்லை.

அதோடு நிற்கவில்லை. இஸ்திரிக் கடைக்கு மாடியிலிருந்து வருகிற துணியும் குறைந்தது. மேஜையில் மலைபோல் கிடந்த மூட்டைகள் போய், சந்துக்காரர்களின் ஒன்றிரண்டு சட்டைகள்தான் கிடந்தன. இஸ்திரிக்காரர் ஒரே சட்டையை இரண்டு தடவை தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் அடுப்பு சின்னவளின் சம்பளத்தில் எரிந்தது. அவள் அந்தக் கட்டடத்திலேயே நாலாம் மாடியில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். இரண்டு பேரும் அக்காள் தங்கை என்று மிஷினுக்குத் தெரியாததால் அவள் நம்பர் பச்சையாகவே இருந்தது.

ஒரு சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறும் பருப்பும். இஸ்திரிக்காரர் தட்டில் கோடு கிழித்தபடி இருந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க."

"கோவப்படக் கூடாது."

"கோவம் வர்ற மாதிரிதான் கேக்கப் போறீங்கன்னு தெரியுது. கேளுங்க."

"எல்லாரும் ஒரே நேரத்துல நிறுத்தறாங்கன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்ல. மறதியா, துணியோட துணியா, எதாவது உன்கூட வந்திருச்சா?"

சின்னவள் தலையைத் தூக்கவே இல்லை. பெரியவள் வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

"இத்தன வருஷம் என்கூடப் படுத்து எழுந்திருச்சிருக்கீங்க. உங்களுக்கே தெரியலன்னா மாடிக்காரங்களச் சொல்லி என்ன பண்றது" என்றாள். தட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள், பேசமாட்டாள்.

காரணம் தெரியாத அவமானம் உடம்பைத் தின்றுவிடும். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பெரியவள் தன்மேலேயே கோபப்பட்டாள். அந்த வீட்டில் அன்று என்ன பேசினேன், இந்த வீட்டில் என்ன உடைத்தேன் என்று கிளறிக்கொண்டே கிடந்தாள். தூக்கம் போயிற்று. சீப்பில் முடி முடியாக வந்தது. படியேறாமலே நெஞ்சு படபடத்தது. இலவச ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் போனில் பதிந்துவிட்டு வந்தவர்களுக்குத்தான் முன்வரிசை. அவளை ஓரமாக உட்காரச் சொன்னார்கள். ஓரத்திலேயே உச்சி சாயும்வரை உட்கார்ந்தாள். கடைசியில் பார்த்த டாக்டர், "டென்ஷன்மா. எதையும் யோசிக்காதீங்க" என்று மாத்திரை கொடுத்தார்.

"எதை யோசிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சா யோசிக்காம இருப்பேன் டாக்டர்" என்றாள் அவள்.

விஷயத்தை உடைத்தது ஏழாம் மாடிக்காரரின் டிரைவர். அவன் சந்து டீக்கடைக்கு வருகிறவன். கார் நிறுத்த இடம் பிடிப்பதற்காக முதலாளி அந்த ஆப்பை அவன் போனில் போட்டுக் கொடுத்திருந்தார். பெரியவள் கடைவழியாகப் போகும்போது அவன் டீயை வைத்துவிட்டு எழுந்தான்.

"அக்கா, எனக்கு ரொம்ப நாளா மனசு கேக்கல. உங்களப் பத்தி இதுல ஒண்ணு கிடக்கு. பாக்கறீங்களா? பாத்துட்டு அழுதீங்கன்னா நான் பொறுப்பில்ல."

"அழறதெல்லாம் முடிஞ்சுபோச்சு தம்பி. காட்டு."

ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளே திரையில் நின்றாள். களவாணி மாதிரித்தான் இருந்தது. அதற்குக் கீழே ஐந்து நட்சத்திரம், நாலு காலியாக இருந்தது, ஒன்றில் மட்டும் மஞ்சள். அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

"கை சுத்தமில்ல, ஜாக்கிரதைன்னு போட்டிருக்கு. பன்னெண்டாம் மாடி டீச்சர் போட்டது. இது பாத்தீங்களா, கட்டைவிரல். படிச்சுட்டு ஆமான்னு சொன்னவங்க."

"யார் யாரு?"

அவன் வாசித்தான். நீதிபதி வீட்டம்மா. ஐந்தாம் மாடி. ஒன்பதாம் மாடி. சாவி கொடுத்து வைத்திருந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்தார்கள்.

"நான் என்ன எடுத்தேனாம்?"

டிரைவர் கொஞ்சம் தயங்கினான். பிறகு வேறொரு பக்கத்தைத் திறந்தான். அது கட்டடத்துக்காரர்கள் வம்பளக்கிற குழு. "டீச்சரம்மா காதுல மாட்டிக்கிட்டுப் போன் பேசற மிஷின் காணாமப் போயிருக்குக்கா. வெள்ளையா, பட்டாணி மாதிரி இருக்குமே அது. ஒரு வாரம் கழிச்சுக் கிடைச்சிருச்சு. துணி துவைக்கிற மிஷினுக்குப் பின்னாடி கிடந்துச்சாம். இங்க எழுதியிருக்காங்க பாருங்க."

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு. கூடவே சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு போட்டிருக்காங்க."

"அப்போ என் பேர்ல எழுதினது?"

"அது அப்படியேதான் இருக்கு. எடுக்கணும்னு தோணல போல."

பெரியவள் அந்தச் சிரிக்கிற மூஞ்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மஞ்சளாக, உருண்டையாக, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். பகையாளியாவது நம்மை நினைத்துக்கொண்டிருக்கிறான். இவள் மறந்தே போயிருந்தாள். ஒரு குடும்பத்தின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போயிருந்தாள்.

டீக்கடையில் நடந்தது இஸ்திரிக்காரர் காதுக்கு அவள் வீடு போய்ச் சேரும் முன்பே எட்டியிருந்தது. அவர் அவளுடைய உடுப்புகளையெல்லாம் எடுத்துப்போய்த் தேய்த்து, மடிப்புக் கலையாமல் அடுக்கி, அவள் தலைமாட்டில் வைத்தார். அவள் மேலே இருந்த ஒன்றை எடுத்துக் கையால் கசக்கி, கசங்கியதை உடுத்திக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் விடியலில் குழாயடியில் அவள் கத்தவில்லை. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"பன்னெண்டாம் மாடி டீச்சர் வீட்டுக்கு இனிமே இந்தச் சந்துல இருந்து யாரும் போகக் கூடாது."

"உன் சண்டைக்கு நாங்க ஏன் பொழப்பக் கெடுத்துக்கணும்?" என்றாள் மூன்றாம் மாடிச் சமையல்காரி.

"என் சண்டைதானா? உன் மூஞ்சிக்குக் கீழயும் எழுதியிருக்கும். போய்ப் பாரு."

அன்று சாயங்காலம் டிரைவரைச் சுற்றிக் கூட்டம். ஒவ்வொருத்தி பெயராக அவன் தேடித் தேடி வாசித்தான். பத்துப்பாத்திரம் தேய்ப்பவளுக்கு மூன்று நட்சத்திரம், 'மெதுவாக வேலை செய்கிறாள், வியர்வை நாற்றம்.' குழந்தை பார்த்துக்கொள்பவளுக்கு நாலு, 'அதிகம் சாப்பிடுகிறாள்.' மூன்றாம் மாடிச் சமையல்காரிக்கு இரண்டரை. 'பேசிக்கொண்டே இருக்கிறாள்.'

"பேசாம சமைக்க நான் என்ன மிக்ஸியா?" என்றாள் அவள்.

"மிக்ஸி கூடச் சத்தம் போடும்" என்றாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து அடங்கியபிறகு, வியர்வை நாற்றம் என்று எழுதப்பட்டவள் தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

"நாம அவங்க எச்சத் தட்டக் கழுவிக்கிட்டு இருக்கும்போது, அவங்க நம்மள எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க" என்றாள் பெரியவள். "நமக்குப் படிக்கக் கிடைக்காத இடமாப் பாத்து. அவங்களுக்குப் போன் இருக்கு. நமக்கு வாய் இருக்கு. எது ஜெயிக்குதுன்னு பாத்துருவோம்."

அன்றிலிருந்து பன்னிரண்டாம் மாடி வீட்டு மணியை ஒரு வேலைக்காரியும் அடிக்கவில்லை. டீச்சர் ஆப்பில் ஆள் கேட்டாள். யாரும் வரவில்லை. சம்பளத்தைக் கூட்டிப் போட்டாள். சந்தில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். வெளியிலிருந்து ஏஜென்சி அனுப்பிய பெண்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து சந்து முனையில் இறங்கி வழி கேட்பார்கள். இஸ்திரிக்காரரே வேலையை நிறுத்திவிட்டு வந்து, "அந்த வீடா? உக்காருங்கம்மா, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க" என்பார். டீ குடித்து முடிக்கும்போது அந்தப் பெண் வந்த வழியே ஆட்டோ ஏறுவாள். மனைவி தன்னிடம் பேசவேண்டும் என்பதற்காக அவர் செய்த காரியம் அது. அவள் பேசவில்லை. ஆனால் அவர் தட்டில் முட்டை ஒன்று கூடுதலாக விழுந்தது.

பெரியவளுக்குத் தூக்கம் வந்தது. நெஞ்சுப் படபடப்பு நின்றது. டாக்டர் கொடுத்த மாத்திரை பாதி அட்டையோடு கிடந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கம்பெனியில் நூல் வெட்டும் வேலைக்குப் போனாள். சம்பளம் குறைவு, முதுகு ஒடிந்துவிடும். ஆனாலும் சாயங்காலம் திரும்பும்போது பன்னிரண்டாம் மாடி ஜன்னலைப் பார்ப்பாள். பால்கனிக் கம்பியில் துணி நாலு நாளாக எடுக்காமல் தொங்கும். அதைப் பார்த்தால் ஒரு வாய் சோறு கூடுதலாக இறங்கும். வஞ்சம் மாதிரி ஒரு டானிக் கிடையாது என்று அவளுக்கு அந்த நாட்களில்தான் தெரிந்தது.

டீச்சருக்குக் குழந்தை பிறந்தது. புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை, அம்மா செத்துப்போய்ப் பல வருஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக் காரில் தனியாக வந்து இறங்கினாள் என்று டிரைவர் வந்து சொன்னான். "ஒரு கையில பை, ஒரு கையில குழந்தை. நான்தான்க்கா பையத் தூக்கி லிப்ட்ல வச்சேன். வயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. ஆபரேஷன் போல."

"தூக்கட்டும்" என்றாள் பெரியவள். "நானும் எத்தனையோ தூக்கியிருக்கேன் அந்தக் கட்டடத்துல."

பிறகு சில நாட்கள் கழித்து, சின்னவள் வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது பெரியவளுக்கு மூக்கில் ஏதோ தட்டியது. தங்கையின் தோள்பக்கத் துணியைப் பிடித்து இழுத்தாள். புளித்த பால் வாடை. நாலாம் மாடி வீட்டில் கைக்குழந்தை கிடையாது.

"எத்தன நாளா?"

சின்னவள் மறைக்கவில்லை. "மூணு நாளா."

"எல்லாருக்கும் முன்னாடி நான் சொன்ன வார்த்தைய, என் கூடப்பிறந்தவளே மிதிச்சுட்டுப் போயிருக்க."

"அவ என்னக் கூப்பிடலக்கா. நான் யாருன்னே அவளுக்குத் தெரியாது. குப்பை போடக் கீழ வந்தவ லிப்ட் பக்கத்துல தரையில உக்காந்திருந்தா. எழுந்திருக்க முடியல. வீட்டுக்குள்ள குழந்தை கத்திக்கிட்டு இருக்கு. நான் என்ன பண்ணட்டும், தாண்டிக்கிட்டுப் போகட்டுமா?"

"நான் ஆஸ்பத்திரில நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்போ அவ என்னத் தாண்டிக்கிட்டுத்தான போனா?"

"அவளுக்கு அது தெரியாதுக்கா."

"தெரியாதுங்கறதுதான்டி அவ பண்ணின தப்பு."

"வீடு நாறிக்கிடக்கு. போன முன்னாடி வச்சுக்கிட்டு, அதுல ஒருத்தி பொம்மைய வச்சுப் பால் குடுத்துக் காட்டறா, அதப் பாத்துப் பாத்து இவ பண்றா. குழந்தை வாய வைக்க மாட்டேங்குது. இவ அழறா, அது அழுவுது. நீ பாத்திருந்தா நீயும் தாங்க மாட்ட."

"நான் தாங்குவேன்."

"தாங்குவ" என்றாள் சின்னவள். "அதான் பயமா இருக்கு."

பெரியவள் எழுந்து அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு. "நாளைக்கி என்னையும் கூட்டிட்டு வர்றேன்னு இப்பவே போய் அவகிட்டச் சொல்லு. நான் யாருன்னும் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை வாசலில் காவலாளி தன் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "விருந்தாளின்னு வந்திருக்கு" என்றார்.

"விருந்தாளிதான். வழிய விடுங்க மாமா."

கதவைத் திறந்த டீச்சரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, முடி சிக்குப் பிடித்து, ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். உள்ளே பாத்திரம் தொட்டி நிறையக் கிடந்தது. சோபாவின்மேல் ஈரத்துணிகள். பெரியவள் இந்தத் தரையில் முகம் தெரியத் துடைத்தவள். இப்போது கால் ஒட்டியது.

"அக்கா, உள்ள வாங்க. உங்க தங்கச்சி எல்லாம் சொன்னாங்க. சத்தியமா மறந்தே போச்சுக்கா. நேத்தே அழிச்சிட்டேன், இங்க பாருங்க." டீச்சர் போனை நீட்டினாள்.

"எனக்கு எதுக்குக் காட்டற? எழுதும்போது காட்டினியா?"

இத்தனை நாள் 'வாங்கம்மா, போங்கம்மா' என்று இருந்த வாயிலிருந்து 'நீ' வந்ததும் டீச்சரின் கை தானாக இறங்கியது.

"குரூப்ல போட்டுடறேன். தப்பு என்னோடதுன்னு எழுதறேன். எல்லாரும் பாப்பாங்க."

"அது உங்க இடம். அங்க நான் இல்ல. நான் இருக்கற இடத்துல சொல்லு. வா. ஒவ்வொரு வீடா மணி அடி. என்னப் பக்கத்துல வச்சுக்கிட்டு வாயால சொல்லு."

"அக்கா, அவளுக்குத் தையல் கூட ஆறல" என்றாள் சின்னவள்.

"நீ குழந்தையப் பாத்துக்க" என்றாள் பெரியவள்.

டீச்சர் செருப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு வந்தாள்.

பதினோராம் மாடியில் நீதிபதி வீட்டம்மா இந்தமுறையும் சங்கிலியைக் கழற்றவில்லை. டீச்சர் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் ஒப்பிப்பதுபோல. "இவங்க எதையும் எடுக்கல. என் பொருள் என் வீட்டுலயே கிடைச்சிருச்சு. நான் தப்பா எழுதிட்டேன்."

"அடடா, நான் அப்பவே நினைச்சேன்" என்றாள் அந்த அம்மா.

"என்ன நினைச்சீங்க?" என்றாள் பெரியவள்.

கதவின் பாதி இடைவெளியில் அந்த அம்மாவின் பாதம் தெரிந்தது. மறுபடி வீங்கியிருந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள், நகர்ந்தாள்.

ஒன்பதாம் மாடியில் காதில் பட்டாணி மாட்டியிருந்த ஒருவர் கதவைத் திறந்து, பேசிக்கொண்டே ஒரு விரலை உயர்த்தினார். இரண்டு பெண்களும் அவர் பேசி முடிக்கும்வரை நின்றார்கள். டீச்சர் சுவரில் சாய்ந்தாள். முடித்துவிட்டுக் கேட்டவர், "ஓகே ஓகே, நோ இஷ்யூஸ்" என்று கதவைச் சாத்தினார். ஐந்தாம் மாடிக்காரி இன்னும் மோசம்.

"எந்தப் போஸ்ட்?" என்றாள் அவள்.

"இவங்களப் பத்தி நான் போட்டது. நீங்ககூட லைக் பண்ணியிருந்தீங்க."

"அப்படியா? நான் எதையும் படிக்கறதே இல்லைங்க. எல்லாரும் போட்டிருந்தாங்க, நானும் போட்டிருப்பேன்." பெரியவளைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லா இருக்கீங்களா?"

பெரியவள் மாதக்கணக்கில் மனசுக்குள் இந்தக் கதவுகளைத் தட்டியிருக்கிறாள். ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பேச்சு வைத்திருந்தாள். படிக்கவே இல்லை என்று சொல்கிறவளிடம் என்ன பேச்சுப் பேசுவது என்று அவள் யோசித்து வைக்கவில்லை. இப்படியே திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உடனே அந்த நினைப்பின்மேலும் கோபம் வந்தது.

"நட. அடுத்த வீடு" என்றாள் டீச்சரைப் பார்த்து.

படிக்கட்டில் இறங்கும்போது மேலிருந்து அழுகை கேட்டது. சின்னவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "என்கிட்ட நிக்கலக்கா. பசி." டீச்சர் இரண்டு கையையும் நீட்டினாள். நிற்க முடியாமல் உடனே கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள்தான் குழந்தையை வாங்கினாள். ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது குழந்தை. சிவந்துபோய், வாயைத் திறந்து அவள் கழுத்தோரம் தேடியது.

"இங்கயே உக்காரு" என்றாள் டீச்சரிடம்.

"படியிலயா?"

"ஏன், இங்க உக்காந்துதான நாங்க மத்தியானம் சாப்பிடறோம்."

டீச்சர் சுவரோரம் உட்கார்ந்தாள். பெரியவள் குழந்தையைத் திருப்பி, மார்போடு ஒட்டவைத்து, ஒரு விரலால் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. அழுகை நின்ற இடத்தில் குடிக்கிற சத்தம் கேட்டது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. கீழிருந்து யாரோ ஏறிவரும் ஓசை கேட்டதும் பெரியவள் முதுகைக் காட்டிப் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றாள். வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி லிப்டுக்குப் போனார்.

குழந்தை குடித்து முடித்தது.

"எழுந்திரு" என்றாள் பெரியவள்.

சின்னவள் நம்ப முடியாமல் பார்த்தாள். "போதும்க்கா. இன்னும் என்ன?"

"இன்னும் வீடு இருக்கு."

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மறுக்கவில்லை. பெரியவள் குழந்தையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டியபடி முன்னால் நடந்தாள். மிச்சக் கதவுகளைத் திறந்தவர்கள் எல்லாரும் முதலில் அந்தக் குழந்தையைப் பார்த்தார்கள், பிறகு அதைச் சுமந்து நிற்பவளைப் பார்த்தார்கள். டீச்சர் இப்போது தரையைப் பார்த்துப் பேசவில்லை. குரல் உடைந்திருந்தது, ஆனால் கேட்டது. இரண்டாம் மாடியில் ஒரு கிழவர் மட்டும், "நானும் கட்டைவிரல் போட்டவன்தாம்மா. தப்புப் பண்ணிட்டேன்" என்று கைகூப்பினார். பெரியவள் தலையை ஆட்டவில்லை.

கடைசி வீடு குடியிருப்போர் சங்கச் செயலாளருடையது. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை ஆப்ல ஒரு ரிக்வெஸ்டாப் போட்டீங்கன்னா நம்பரத் திறந்து விட்டுடலாம்" என்றார்.

"இவ வாயால சொல்றது உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா?" என்றாள் பெரியவள்.

"விழுந்தது."

"அப்ப உங்க வாயால வாசல்ல சொல்லுங்க. இப்பவே. நான் நிக்கறேன்."

குழந்தையோடு அவள் நின்ற விதத்தில் நகர்கிற உத்தேசம் இல்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்து காவலாளியிடம் சொன்னார். காவலாளி ஏதோ அழுத்தினார். மிஷினில் பச்சை எரிந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். மகிழ்ச்சி என்று ஒன்றும் வரவில்லை. முதுகில் மட்டும் ஒரு மூட்டை இறங்கியதுபோல் இருந்தது.

லிப்ட் வாசலில் டீச்சர் நின்றாள். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, மறுபடியும் எங்க வீட்டுக்கு வருவீங்களா?"

"சின்னவ வருவா. அவளத் தடுக்க மாட்டேன். குழாயடியிலயும் சொல்லிடறேன்."

"நீங்க?"

"நான் வர மாட்டேன்."

"என்ன மன்னிச்சிட்டீங்களா?"

குழந்தை தோளில் தூங்கிப்போயிருந்தது. வாயோரம் வழிந்த பால் அவள் கழுத்துவரை இறங்கியிருந்தது. பெரியவள் அதைத் துடைக்கவில்லை.

"இல்ல" என்றாள்.

குழந்தையைத் தோளிலிருந்து மெல்ல எடுத்து நீட்டினாள். டீச்சர் இரண்டு கைகளாலும் வாங்கப் பார்த்தாள்.

"கழுத்துக்குக் கை குடு" என்றாள் பெரியவள். "முதல்ல கழுத்துக்கு."